கல்லை இப்போது எடுக்காதே

அந்தக் கல்குவாரியின் முதலுதவி அறைக்குப் பொறுப்பானவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிளாஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். தலைவலி என்று போனாலும் சரி, சுளுக்கு என்று போனாலும் சரி, மனிதர் முதலில் ஒரு பிளாஸ்திரியை ஒட்டிவிட்டுத்தான் என்ன ஏது என்று விசாரிப்பார் என்பது அங்கே ஓடிக்கொண்டிருந்த கேலி. அதில் பாதி பொய். ஆனால் வேலையாட்களை மேய்த்துக்கொண்டிருந்தவர் மேஸ்திரியாகப் போனதால், மேஸ்திரி - பிளாஸ்திரி என்று ஜோடி சேர்ந்துவிட்டது. அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் லேசில் போகுமா? கடைசியில் அவரே ஃபோனை எடுத்தால் "பிளாஸ்திரி பேசறேன்" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

முறையாக நர்ஸ் படிப்புப் படித்தவர். நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் வெள்ளைச் சட்டையோடு வளைய வந்திருக்கலாம். இங்கே தகரக் கூரை போட்ட ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி, நிர்வாகத்திடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போய் வாங்கிய, இதயத் துடிப்பைக் காட்டும் ஒரு பழைய பெட்டி, இவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். மண்பாதையில் ஜீப் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேருவதற்குள் அரைநாள் ஓடிவிடும். அதுவரை உயிரைப் பிடித்து வைத்துக்கொள்வது பிளாஸ்திரியின் வேலை.

குவாரி ஆட்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கல் சரிந்து யாராவது மாட்டிக்கொண்டால், பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்து முதலில் கல்லைத் தூக்குவார்கள். கேள்வி, யோசனை எல்லாம் அப்புறம். பிளாஸ்திரி பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேருவதற்குள் ஆளை வெளியே இழுத்துப் படுக்க வைத்திருப்பார்கள். அதில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. அந்த வேகத்தால் பிழைத்தவர்கள் இன்றைக்கும் அங்கேயே வேலை செய்துகொண்டிருந்தார்கள். கல்லுக்கு அடியில் நம் ஆளை ஒரு நிமிஷம்கூட விட்டுவைக்கக் கூடாது என்பது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறிப்போன விஷயம்.

அன்று மதியம், ஒதுங்குவதற்காகப் பழைய பள்ளத்துப் பக்கம் போன லாரி டிரைவர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தார். "பிளாஸ்திரி! உங்க மச்சினன் கல்லுக்கு அடியில கிடக்கிறான்!"

மனைவியின் ஒரே தம்பி. அப்பா அம்மா இல்லாத பையனை அவள்தான் வளர்த்தாள். ஊரில் உருப்படியாக ஒரு வேலையிலும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தவனை, மேஸ்திரியின் கையைக் காலைப் பிடித்து இங்கே துளை போடும் வேலையில் சேர்த்துவிட்டவர் பிளாஸ்திரிதான். மனைவி இதே குவாரியின் சமையல்கூடத்தில் இருந்தாள். அவளுக்குத் தெரிவதற்குள் போய்விட வேண்டும் என்று பையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பழைய பள்ளத்தில் வெட்டு நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று. மேலே குவித்துவைத்த கழிவுக் கற்கள் எப்போது வேண்டுமானாலும் சரியும் என்பதால் அங்கே யாரும் கால் வைக்கக் கூடாது. வைத்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். அந்த இடத்தில், ஒரு பீரோ அளவுக் கல்லுக்கு அடியில் தொடைவரை வலது கால் மாட்டிக்கொண்டு, மச்சினன் மல்லாந்து கிடந்தான். சுற்றிலும் ஆட்கள். மேஸ்திரி அதற்குள் இரண்டு ஜாக்கிகளைக் கல்லுக்கு அடியில் செருகி, பலகை வைத்து, கைப்பிடியையும் மாட்டிவிட்டார்.

"வாங்க மாமா!" என்றான் மச்சினன். அழுகை இல்லை, அலறல் இல்லை. என்னவோ கல்யாண வீட்டு வாசலில் நின்று வரவேற்பது மாதிரி ஒரு சிரிப்பு. "ஒண்ணும் இல்ல மாமா. லேசா மாட்டிக்கிச்சு. இவங்கதான் ஊரையே கூட்டிட்டாங்க."

"எப்படா விழுந்துச்சு?"

"இப்பதான் மாமா. இப்பத்தான், கொஞ்ச முன்னாடி."

பிளாஸ்திரி மண்டியிட்டு, கல்லின் மறுபக்கம் நீட்டிக்கொண்டிருந்த பாதத்தைத் தொட்டார். சில்லென்று இருந்தது. கட்டைவிரலை நன்றாகக் கிள்ளினார். பயல் அசையவே இல்லை.

"வலிக்குதா?"

"எங்க மாமா?"

அவர் சும்மா தலையாட்டினார். முழங்கையில் சிராய்த்த இடத்தில் ரத்தம் காய்ந்து கறுத்துப் போயிருந்தது. தலைமாட்டில் அக்கா காலையில் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பா மூடியபடி இருந்தது. வேலை நடுவிலேயே திருட்டுத்தனமாக டப்பாவைத் திறப்பவன், மதியம் தாண்டியும் அதைத் தொடவில்லை. இப்பதானாம்!

"தள்ளுங்க பிளாஸ்திரி, ஏத்தப் போறேன்," என்று மேஸ்திரி கைப்பிடியில் கை வைத்தார்.

"வேணாம்! கல்ல எடுக்காதீங்க!"

மேஸ்திரி காதில் விழாதவர் போலப் பார்த்தார். "என்னது?"

"இப்ப எடுக்கக் கூடாது மேஸ்திரி. இவன் காலையிலேர்ந்து கிடக்கிறான்னு நெனைக்கிறேன். அவ்வளவு நேரம் நசுங்கின சதையில விஷம் சேந்திருக்கும். கல்லு அழுத்திக்கிட்டிருக்கிற வரைக்கும் அது காலோட கிடக்கும். எடுத்த உடனே ரத்தத்துல கலந்து நேரா நெஞ்சுக்குப் போகும். நல்லா பேசிட்டிருக்கிறவன் அப்படியே போயிடுவான். முதல்ல குளுக்கோஸ் பாட்டில் மாதிரி உப்புத் தண்ணி ஏத்தணும். ரெண்டு பாட்டிலாவது உள்ள போகணும். அப்புறம்தான் கல்லு."

"யோவ், மேல பாருய்யா!" மேஸ்திரியின் விரல் குவியலைக் காட்டியது. அங்கிருந்து பொடிக்கற்கள் ஒன்றிரண்டாக உருண்டு வந்துகொண்டிருந்தன. "அது எப்ப வரும்னு எவனுக்கும் தெரியாது. நீ பாட்டில் கட்டி உக்காந்திருப்பே, மொத்தமா சரிஞ்சு எல்லாரும் சமாதி ஆவோம். அவன்தான் இப்பன்னு சொல்றானே!"

மேஸ்திரி சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? பிளாஸ்திரிக்கும் அதுதான் உதைத்தது. இந்த விஷ விவகாரத்தை அவர் எப்போதோ ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டதோடு சரி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த வகுப்பு. பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். கண்ணால் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மச்சினன் சொல்வது நிஜமாக இருந்தால், உடனே எடுப்பதுதான் சரி. தாமதிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் காலுக்குக் கேடு. பொய்யாக இருந்தால், உடனே எடுப்பது கொலை. எல்லாம் இந்தப் பயல் வாயில் இருந்தது. அவனோ பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தான்.

முழங்கைக்குக் கீழே நரம்பைத் தேடி ஊசியைக் குத்தி, முதல் பாட்டிலைத் தொடங்கினார். பிடிக்கச் சொல்லி லாரி டிரைவரிடம் கொடுத்தார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பெட்டியை முடுக்கினார். அது கீச் கீச்சென்று ஒழுங்காகத்தான் சத்தம் போட்டது.

அதற்குள் சமையல்கூடத்திலிருந்து மனைவி வந்துவிட்டாள். கையில் கரண்டி. அதைக் கீழே போடவேண்டும் என்றுகூடத் தோன்றாமல் அப்படியே ஓடிவந்திருந்தாள். தம்பியையும், கல்லையும், சும்மா நிற்கிற அத்தனை ஆண்களையும் பார்த்தாள்.

"என்னங்க வேடிக்கை பாத்துட்டு நிக்கிறீங்க? எடுக்கச் சொல்லுங்க!"

"இப்ப எடுக்கக் கூடாது."

"உங்க வீட்டுக்காரர்தான் எடுக்க விடமாட்டேங்கிறார்மா," என்றார் மேஸ்திரி. போட்டுக்கொடுக்க அவருக்குச் சொல்லித்தர வேண்டுமா?

அவள் கணவனின் சட்டையைப் பிடித்தாள். அதுவரை நாலு பேர் முன்னால் அவள் அவரை ஒரு வார்த்தை அதட்டிக்கூடப் பேசியதில்லை. "உங்க கூடப்பொறந்தவனா இருந்தா இப்படி நிப்பீங்களா? சொல்லுங்க! நிப்பீங்களா?"

அந்தக் கேள்வி அவருக்குச் சுருக்கென்று தைத்தது. பதில் சொல்லி ஜெயிக்கிற நேரமா அது? "நான் சொல்றது ஒண்ணு, இவன் சொல்றது ஒண்ணு," என்றார். "காலையிலேர்ந்து கிடந்தான்னா இப்ப எடுத்தா செத்துடுவான். இப்பதான் விழுந்துச்சுன்னா உடனே எடுக்கணும். எங்கிட்ட இவன் பொய் சொல்றான்னு தோணுது. நீ கேளு. உங்கிட்ட என்ன சொல்றானோ அதை நான் நம்புறேன். அவன் இப்பன்னு சொன்னா நானே ஜாக்கி அடிக்கிறேன்."

அவள் சட்டையை விட்டுவிட்டுத் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "தம்பி, என்னைப் பாரு."

"ஒண்ணும் இல்லக்கா. நீ ஏன் வந்தே?"

"என்னைப் பாருடா. எப்ப விழுந்துச்சு?"

"இப்பதான்னு சொன்னேன்லக்கா." கண் அவளைப் பார்க்கவில்லை. மேஸ்திரியின் பூட்ஸைப் பார்த்தது.

அக்கா அதைக் கவனித்துவிட்டாள். "மேஸ்திரி ஐயா, கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க," என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே இரண்டடி தள்ளி நின்றார். அவள் குனிந்து தம்பியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வேலை போயிடும்னு பயப்படுறியா? போனா போகட்டும்டா, நாசமாப்போன வேலை! உன்னை நான் வெச்சுச் சோறு போட மாட்டேனா? எங்கிட்டயுமாடா மறைப்பே?"

அந்தச் சிரிப்பு அப்போதுதான் கலைந்தது. "காலையிலக்கா," என்றான். குரலே வரவில்லை. "கையெழுத்துப் போட்டுட்டு இங்க வந்து கொஞ்சம் கண்ணசரலாம்னு... படுத்தேன். தூக்கத்துலயே விழுந்துடுச்சு."

அவள் எழுந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. நேராகப் போய் ஜாக்கியின் கைப்பிடிக்கு முன்னால், பலகையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "எங்க வீட்டுக்காரர் சொல்ற வரைக்கும் இதுல யாரும் கை வெக்கக் கூடாது. வெச்சீங்க, மண்டையப் பொளந்துடுவேன்." கரண்டி இன்னும் கையிலேயே இருந்தது.

மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். இரண்டடி தள்ளி நின்றால் காது செவிடாகிவிடுமா என்ன! ஒரு கணம் பல்லைக் கடித்தபடி நின்றவர் ஆட்கள் பக்கம் திரும்பிக் கத்தினார். "வாயைப் பாத்துட்டு நிக்காதீங்கடா! அந்த இரும்புக் கம்பியெல்லாம் கொண்டாங்க, குவியலுக்கு முட்டுக் கொடுங்க! பிளாஸ்திரி பாட்டில் முடியற வரைக்கும் ஒரு பொடிக்கல்லு இறங்கக் கூடாது!" அப்புறம் பிளாஸ்திரியின் காதோரம் வந்து, "இவன் செத்தான்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்," என்றார்.

"செத்தா நானே என்னைச் சும்மா விடமாட்டேன் மேஸ்திரி. போங்க."

வாழ்க்கை முழுக்கக் கல்லோடு மல்லுக்கட்டிய ஆட்கள். கண் முன்னால் ஒருவன் மாட்டிக்கிடக்க, ஜாக்கியும் தயாராக இருக்க, ஒரு பிளாஸ்டிக் குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்குகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! வேகமாக இறங்கட்டும் என்று பிளாஸ்திரி பாட்டிலைக் கையால் பிழிந்துகொண்டே இருந்தார். முட்டுக் கொடுத்த கம்பிகள் ஒரு தடவை கிறீச்சிட்டன. எல்லோரும் மேலே பார்த்தார்கள். யாரும் ஓடவில்லை.

இரண்டாவது பாட்டில் முடிந்து மூன்றாவதைத் தொடங்கியபோதுதான் பிளாஸ்திரி, "இப்ப. மெதுவா," என்றார். அவள் பலகையை விட்டு எழுந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேஸ்திரி ஜாக்கியை ஏற்றிய விதத்தைச் சொல்லியாக வேண்டும். குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது மாதிரி ஏற்றினார். கல் அசைந்தது, விலகியது; நான்கு பேர் ஆளைப் பலகையோடு இழுத்தார்கள். "அவ்ளோதானா?" என்று மச்சினன் கேட்டான். அடுத்த வார்த்தை வரவில்லை. உதடு வெளிறியது. பெட்டியின் கீச் கீச் சத்தம் தடுமாறி, இழுத்து இழுத்து, இடைவெளி விட்டு வந்தது. எல்லோரும் அந்தப் பெட்டியையே பார்த்தார்கள்.

பிளாஸ்திரி ஊசியைத் தயாராக எடுத்து வைத்திருந்தார். கால்சியம், அந்த விஷத்திடமிருந்து நெஞ்சைத் தாங்கிப் பிடிக்கிற மருந்து. மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் அதுவே ஆளை முடித்துவிடும். கட்டைவிரலை மயிரிழை மயிரிழையாக அழுத்தினார். பக்கத்தில் அவள் "தம்பி, தம்பி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்திருந்தால் கை ஓடியிருக்காது.

சத்தம் நெருங்கி வந்தது. இன்னும் நெருங்கியது. பழைய மாதிரி ஆயிற்று. மச்சினன் கண்ணைத் திறந்து, "தலை சுத்துது மாமா," என்றான். மேஸ்திரி அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஜீப்பில் அவள் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் பிளாஸ்திரி ஒரு கையால் பாட்டிலையும் மறு கையால் மச்சினனையும் பிடித்துக்கொண்டு வந்தார். மனதில் ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. கல் உடைக்கும் மெஷின் ஓடும்போது கத்தினால் யாருக்கும் கேட்காது, சரி. டீ நேரத்தில் அதை நிறுத்துகிறார்களே.

"டீ டைம்ல ஏண்டா கத்தல? நாங்க மேலதானே இருந்தோம்."

"மெஷின் நின்னது கேட்டுச்சு மாமா," என்றான் மச்சினன். முன்னால் இருக்கும் அக்காவுக்குக் கேட்காதபடி தணிந்த குரலில் சொன்னான். "நீங்க பேசினதுகூடக் கேட்டுச்சு. எம்மச்சினன் முன்ன மாதிரி இல்ல, இப்பல்லாம் ஒழுங்கா வேலை பாக்குறான்னு மேஸ்திரிகிட்ட சொல்லிட்டிருந்தீங்க. அவரும் ஆமான்னாரு. அப்பப் போய் எப்படி மாமா கத்துறது? கடப்பாரை மாதிரி ஏதாச்சும் கிடைச்சா நானே நெம்பி எடுத்துடலாம்னு தேடிக்கிட்டிருந்தேன்."

அட மடப்பயலே, என் பேர் என்னடா பெரிய பேர் என்று பிளாஸ்திரிக்குத் திட்ட வாய் வந்தது. திட்டவில்லை. போர்வையை இழுத்து அவன் மார்வரை மூடினார்.

ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்ற முடியவில்லை. தொடைக்குப் பாதியில் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் சிறுநீரகம் தாங்குமா தாங்காதா என்று தெரியாமல் சில நாள் ஓடியது. ரத்தத்தில் கலந்த நஞ்செல்லாம் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். கட்டிலோரம் தொங்கிய பையில் வந்த கொஞ்சநஞ்சமும் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. அக்கா ராப்பகலாக அந்தப் பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் காலை அவள் வராந்தாவுக்கு ஓடிவந்து, வார்டு மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரி, "என்னங்க! வெளுத்துடுச்சுங்க! பை நெறைய வந்திருக்குங்க!" என்று கத்தினாள். அப்புறம் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். மூத்திரத்துக்காக இப்படி ஒரு குடும்பம் கொண்டாடி அந்த வார்டு பார்த்திருக்காது.

அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் இருவரையும் தன் அறைக்கு அழைத்தார். "இனி உயிருக்குப் பயமில்லை. தண்ணி ஏத்தாம கல்ல எடுத்திருந்தீங்கன்னா அங்கேயே முடிஞ்சிருக்கும்," என்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஒரே குறை, கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருக்கணும். காலையிலேயே யாராவது பாத்து எடுத்திருந்தா காலும் தப்பிச்சிருக்கும். எலும்பு பெரிசா உடையலை," என்றார். பிளாஸ்திரி டீ நேரத்தை நினைத்துக்கொண்டார். வெளியே வந்ததும், ஜீப்பில் மச்சினன் சொன்னதை அவளிடம் சொன்னார். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டாள். "முட்டாப்பய," என்றாள்.

அன்று சாயங்காலம் மேஸ்திரி ஃபோன் செய்தார். "நீ எடுக்க விடாம வெச்சதாலதான் கால் போச்சுன்னு பசங்க பேசிக்கிறானுங்க பிளாஸ்திரி. நான் வாயை மூடச் சொல்லியிருக்கேன்."

"பேசிட்டுப் போகட்டும் மேஸ்திரி. யாரையும் எதுவும் சொல்லாதீங்க."

மச்சினனுக்குத் தெளிவாக நினைவு திரும்பியபோது, கால் இல்லை என்பதைத் தானாகவே தடவிப் பார்த்துத் தெரிந்துகொண்டான். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அக்கா கஞ்சியை நீட்டினால் வாயைத் திறந்தான். போதும் என்றால் மூடிக்கொண்டான்.

மறுநாள் பிளாஸ்திரி அவனுக்குத் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது கேட்டான். "மாமா, ஒண்ணு கேட்டா நிஜத்தச் சொல்வீங்களா?"

"கேளு மாப்ள."

"டீ டைம்லயே நான் கத்தியிருந்தா... கால் இருந்திருக்கும்ல?"

அக்கா கட்டிலின் அந்தப் பக்கம் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த கை அப்படியே நின்றுவிட்டது. பிளாஸ்திரி அவளைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள்.

"இருந்திருக்காதுடா," என்றார் பிளாஸ்திரி. "கல்லு விழுந்தப்பவே எலும்பெல்லாம் தூள் தூளாப் போச்சு. நீ கத்தினாலும் கத்தாட்டியும், நாங்க முன்னாடி வந்தாலும் பின்னாடி வந்தாலும், அந்தக் கால் அப்பவே போச்சு."

மச்சினன் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தான். அப்புறம் அக்கா பக்கம் திரும்பினான். "அப்படியாக்கா?"

"ஆமாடா தம்பி," என்றாள் அவள். "டாக்டரும் அதேதான் சொன்னாரு. நானும் கூடத்தான் இருந்தேன்."

"அப்ப சரி," என்றான் அவன். அதைச் சொல்லி முடித்த பிறகுதான், கல்லுக்கு அடியில் கிடந்தபோதுகூட அழாதவன், அழ ஆரம்பித்தான். அக்கா மடித்த போர்வையைக் கீழே போட்டுவிட்டு அவன் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள்.